எல்லையற்ற வெளியும் எல்லை வகுத்த வாழ்வும்

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிரவணபெளகுளத்தில் பாகுபலி சுவாமிகளுக்கு மகாமஸ்தகாபிஷேகம் நிகழ்ந்தபோது, தஞ்சையிலிருந்து எங்கள் குடும்பத்தார் ஒரு வேனில் புறப்பட்டோம். நாமக்கல்லும் சேலமும் கடந்து, தருமபுரி மாவட்டத்தின் தென்வாயிலாகிய தொப்பூர்க் கணவாயை அடைந்தபோது இரவு எட்டு மணி இருக்கும். மேட்டில் எங்கோ ஒரு லாரி பழுதாகி நின்றமையால் வண்டிகள் யாவும் வரிசையாக நின்றுவிட்டன. அந்தி சாயுமுன்பே உணவை முடித்திருந்தோம். ஆதலின் எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. சாலையோரமாக இறங்கி நின்றோம். இருபுறமும் மலை, நடுவே விண்மீன்கள் நிறைந்த வானம்.

பத்து வயதுப் பேரன் கேட்டான்: "தாத்தா, இந்த மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது?"

"தருமபுரி."

"அதற்கும் அப்பால்?"

கிருஷ்ணகிரி, பெங்களூர், இமயமலை, கடல், சந்திரன், சூரியன் என்று நானும் சொல்லிக்கொண்டே போனேன். அவனும் விடவில்லை. "எல்லாவற்றிற்கும் அப்பால்?" என்றான். அவன் தங்கையோ கீழே கிடந்த ஒரு சிறு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதைப் பாதியாக உடைத்து, அந்தப் பாதியையும் பாதியாக உடைத்துக்கொண்டே போனால் எப்போது முடியும்?" என்று கேட்டாள்.

ஒருவன் பெரிதின் முடிவைக் கேட்டான். ஒருத்தி சிறிதின் முடிவைக் கேட்டாள். உலகத்து மெய்ந்நூலோர் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் இரு வினாக்களும் அன்றிரவு ஒரு கணவாயில் ஒருங்கே எழுந்தன. அப்போது நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. நம் ஆசாரியப் பெருமக்கள் இவ்வினாக்களுக்கு என்ன விடை பகர்ந்தனர், அவ்விடை இன்றைய அறிவியலின்முன் எவ்வாறு நிற்கிறது, அதனால் இல்லறத்தாராகிய நமக்கு ஆவது என்ன என்பவற்றை இயன்றவரை ஈண்டு ஆராய்வோம்.

ஆகாயம் என்னும் திரவியம்

ஜீவன், புத்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம், காலம் என்று திரவியங்கள் ஆறு என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். இங்குத் தர்மம் என்பது அறத்தைக் குறிப்பதன்று. இயங்கும் பொருள்கள் இயங்குதற்குத் துணைநிற்பது தர்ம திரவியம். நிற்கும் பொருள்கள் நிற்பதற்குத் துணைநிற்பது அதர்ம திரவியம். மீனின் ஓட்டத்திற்கு நீரும், வழிப்போக்கன் தங்குவதற்கு மரநிழலும் போல என்று இவற்றை விளக்குவர்.

ஆகாயத்தின் இயல்பு யாது? இடங்கொடுத்தல். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் இதனை மிகச் சுருக்கமாகக் கூறுகிறார். மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வரும் நிகண்டவாதியும் ஆகாயத்தை இவ்வாறே விளக்குவதைக் காணலாம். பிற தரிசனத்தார் சிலர் ஆகாயத்தின் குணம் ஓசை என்றனர். நம்மவர் அதனை ஏற்கவில்லை. ஓசை புத்கலத்தின் மாறுபாடே என்றும், ஆகாயம் எதனையும் செய்வதில்லை, எதனையும் தடுப்பதில்லை, யாவற்றிற்கும் இடம் மட்டும் தருகிறது என்றும் கண்டனர்.

இந்த ஆகாயம் ஒன்றே; துண்டுகள் அற்றது. ஆயினும் அதனுள் ஜீவன் முதலிய ஏனைத் திரவியங்கள் உறையும் பகுதியை லோகாகாசம் என்றும், அதற்கு அப்பாற்பட்டதை அலோகாகாசம் என்றும் வழங்குவர். உலகத்திற்கு எல்லை உண்டு. ஆகாயத்திற்கு எல்லை இல்லை. பேரனின் வினாவிற்கு நம் ஆகமம் தரும் விடை இவ்விரு தொடர்களில் அடங்கும்.

பெரிதின் எல்லை

உலகம் எல்லையுடையது என்றதோடு அமையாமல் அதனை அளக்கவும் முற்பட்டனர் நம் முன்னோர். கால்களை அகற்றி, கைகளை இடுப்பில் ஊன்றி நிற்கும் மனிதனின் வடிவாக உலகத்தைச் சித்திரிப்பதை நம் கோயில்களில் கண்டிருப்பீர்கள். உயரம் 14 ரஜ்ஜு; ஆழம் எங்கும் 7 ரஜ்ஜு. அகலம் அடியில் 7, நடுவில் 1, பிரம்மலோகத்தருகே 5, உச்சியில் 1. இதன் கன அளவு 343 கன ரஜ்ஜு என்பது நூல்களின் முடிபு. பள்ளி மாணவரும் இதனைச் சரிபார்க்கலாம். கீழ்ப்பாதியில் அகலத்தின் சராசரி 4. அதனை உயரம் 7, ஆழம் 7 ஆகியவற்றால் பெருக்க 196. மேற்பாதியில் சராசரி 3. அவ்வாறே பெருக்க 147. இரண்டையும் கூட்ட 343. அதாவது ஏழை ஏழாலும் மீண்டும் ஏழாலும் பெருக்கிய தொகை. ரஜ்ஜு என்பதோ எண்ணிக்கைக்கு அடங்காத யோசனைகள் கொண்டது.

இத்தகைய ஆராய்ச்சி வடநாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், பாடலிகா என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் உலகத்தின் அமைப்பைக் கூறும் லோகவிபாகம் என்னும் நூலை எழுதி முடித்தார். பாடலிகா என்பது இன்றைய கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரே என்று அறிஞர் கொள்வர். பிராகிருத மூலம் நமக்குக் கிட்டவில்லை. சிம்மசூரி என்பார் செய்த வடமொழி ஆக்கமே கிடைக்கிறது. உலகக் கணித வரலாற்றில் இந்நூலுக்குத் தனி இடம் உண்டு. சுழியோடு கூடிய இடமதிப்பு முறையில் பேரெண்களை எழுதியமைக்குக் காலம் தெரிந்த மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

அந்நூலில் 13107200000 என்னும் எண் சொற்களால் குறிக்கப்படுகிறது. வலப்புறமிருந்து தொடங்கி ஐந்து சூன்யம், பின் இரண்டு, ஏழு, அதன்பின் ‘அம்பரம்’, பின் ஒன்று, மூன்று, ஒன்று என வரும். அம்பரம் என்றால் வானம். சுழியைக் குறிக்க வானத்தின் பெயரையே அவர்கள் கையாண்டனர்! தனக்கென மதிப்பு ஒன்றும் இல்லாமல், பிற இலக்கங்கள் தத்தம் இடத்தில் நிற்க இடங்கொடுப்பது சுழி. தனக்கென உருவம் ஒன்றும் இல்லாமல், பிற பொருள்கள் யாவும் நிற்க இடங்கொடுப்பது வானம். இரண்டிற்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தமே.

இனி, ஓர் ஐயம் எழும். உலகிற்கு எல்லை உண்டெனில் அவ்வெல்லையில் நின்று கையை அப்பால் நீட்டினால் என்னாகும்? கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிட்டாஸ் என்னும் கிரேக்க அறிஞர் இவ்வினாவை எழுப்பினார். கையை நீட்ட முடிந்தால் அப்பாலும் வெளி உண்டு. நீட்ட முடியாவிடில் தடுப்பது ஏதோ ஒன்று அப்பால் உண்டு. எப்படியாயினும் எல்லை என்பது எல்லையாகாது என்பது அவர் வாதம். ஜினதர்மத்தின் விடை இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது விடை. அப்பாலும் ஆகாயம் உண்டு, தடுப்பதும் ஒன்றுமில்லை, ஆயினும் இயக்கத்திற்குத் துணையாகும் தர்ம திரவியம் அங்கு இல்லாமையால் கை அங்குச் செல்லாது. கரையைக் கடந்த மீன் நீந்தாமை போல. வெறும் வெளி இருந்தால் மட்டும் இயக்கம் நிகழ்ந்துவிடாது என்று நம் முன்னோர் நுட்பமாகப் பிரித்தறிந்தனர்.

‘எண்ணற்றது’ என்ற ஒரே சொல்லால் பெரியன யாவற்றையும் அவர்கள் மூடிவிடவுமில்லை. சங்க்யாதம், அசங்க்யாதம், அனந்தம் என மூன்றாக வகுத்து, உட்பிரிவுகளுடன் 21 வகை கண்டனர். ஒரு யோசனை அகலமும் ஆழமும் உடைய குழியில் ஆட்டுக்குட்டியின் மென்மயிர் நுனிகளை நெருங்க நிரப்பி, நூறாண்டுக்கு ஒன்றாக எடுத்து அக்குழி காலியாகும் காலம் ஒரு பல்லியம். அதுவும்கூட அனந்தம் அன்று! லோகாகாசத்தின் பிரதேசங்கள் அசங்க்யாதம். முழு ஆகாயத்தின் பிரதேசங்களே அனந்தம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியக் கணித அறிஞர் கேண்டர் முடிவிலிகளிலும் ஒன்றினும் மற்றொன்று பெரியதாதல் கூடும் என்று நிறுவினார். அவர் வழி வேறு. நம் நூல்களின் வழி வேறு. இரண்டும் ஒன்றே என்று பெருமை பேசுதல் முறையன்று. எனினும், முடிவின்மையைக் கண்டு மலைத்து நில்லாமல் அதனையும் வகைப்படுத்தத் துணிந்த அறிவு நம் மரபில் இருந்தது என்று கூறுதல் மிகையாகாது.

சிறிதின் எல்லை

இனிப் பேத்தியின் கல்லை எடுத்துக்கொள்வோம். பாதி பாதியாக உடைத்துச் சென்றால் ஓரிடத்தில் உடைத்தல் நின்றே தீரும் என்பது நம் சித்தாந்தம். அவ்வாறு மேலும் பகுக்கவொண்ணாத கடைசிக் கூறே பரமாணு. அதற்குத் தொடக்கமும் நடுவும் இறுதியும் வெவ்வேறாக இல்லை. மூன்றும் அதுவே என்பர் குந்தகுந்தாசாரியர். அந்தப் பரமாணு ஒன்று அடங்கும் ஆகாயத்தின் அளவே பிரதேசம். ஆகவே வெளி பெரிதாதலில் முடிவற்றது, சிறிதாதலில் முடிவுடையது. வினாக்கள் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் விடைகள் வேறு.

பிறர் இதனை எளிதில் விட்டுவிடவில்லை. பகுத்தலுக்கு முடிவில்லையெனில் மேருமலைக்கும் கடுகுக்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஒத்துவிடுமே என்று அணுவாதிகள் வாதிட்டனர். இவ்வாதத்தை நாம் முழுமையாக நம்பியிருத்தல் இயலாது. ஒரு சிறு கோட்டிலும் ஒரு பெருங்கோட்டிலும் உள்ள புள்ளிகளை ஒன்றுக்கொன்று இணைத்துக் காட்டலாம் என்று இன்றைய கணிதம் கூறுகிறது. எண்ணிக்கை ஒத்தும் நீளம் வேறாதல் கூடும். மறுபக்கம் பௌத்த அறிஞர் வசுபந்து வேறொரு தடையை எழுப்பினார். ஓர் அணுவைச் சுற்றி நாற்றிசையிலும் மேலும் கீழும் ஆறு அணுக்கள் நின்றால், நடுவணுவிற்கு ஆறு பக்கங்கள் உண்டாகும். பக்கம் உண்டெனில் பகுப்பும் உண்டன்றோ என்றார். வலிய வினாதான்.

இதற்கு விடை ஆகாயம் ஒரே திரவியம் என்ற கொள்கையில் உள்ளது. செங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்புவதுபோல் பிரதேசங்களை அடுக்கி ஆகாயம் உண்டாகவில்லை. ஆகாயம் முன்பே அகண்டமாக உள்ளது. பிரதேசம் என்பது அதனை அளக்க நாம் கொள்ளும் அளவு. முழத்தால் அளப்பதனால் துணி முழங்களாகக் கிழிந்துவிடுவதில்லை. ஒரு நோக்கில் ஆகாயம் பிளவற்ற ஒன்று. மற்றொரு நோக்கில் அனந்த பிரதேசங்களை உடையது. ஒன்றை மட்டும் பற்றி மற்றொன்றை மறுப்பது ஏகாந்தம்.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. ஒரு பரமாணு அடங்கும் அந்தச் சின்னஞ்சிறு பிரதேசம், எல்லாப் பரமாணுக்களுக்கும் இடங்கொடுக்க வல்லது என்கிறது திரவிய சங்கிரகம். ஓர் அறையில் ஒரு விளக்கின் ஒளி நிறைந்திருக்கும்போதே இரண்டாம் விளக்கின் ஒளியும் மூன்றாம் விளக்கின் ஒளியும் புக இடம் இருக்கிறதன்றோ? இதனையே உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவர். எல்லையுடைய உலகில் அனந்த ஜீவன்கள் வாழ்வதும், ஒரே நிகோத உடலில் அனந்த உயிர்கள் உறைவதும், சித்தர் ஒருவர் வீற்றிருக்கும் இடத்திலேயே சித்தர் பலர் வீற்றிருப்பதும் இவ்வியல்பினாலேயே. நெருக்கம் இடத்தின் குறையன்று. புகுகின்ற பொருளின் பருமையே நெருக்கமாகிறது.

அறிவியல் கூறுவது

தொப்பூருக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையம் உள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுடைய வைணு பாப்பு தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்தகைய கருவிகள் நமக்குக் காட்டுவது என்ன? ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சூரிய ஒளி நம்மை அடைய எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேலாகிறது. அன்றிரவு கணவாயின் மேல் சுடர்விட்ட சிரியஸ் என்னும் விண்மீனின் ஒளியோ அதனைவிட்டுப் புறப்பட்டு எட்டரை ஆண்டுகள் கழிந்திருந்தன. என் பேரன் கைக்குழந்தையாய் இருந்தபோது கிளம்பிய ஒளியை அவன் பத்து வயதில் கண்டான். நம் விண்மீன் கூட்டத்தில் மட்டும் பல்லாயிரம் கோடி விண்மீன்கள் உள்ளன. வெளி விரிந்துகொண்டே செல்கிறது என்பதை 1929இல் ஹப்பிள் வெளியிட்ட அளவீடுகள் காட்டின. விரிவு தொடங்கி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆயின என்றும், இன்று நமக்குப் புலனாகக்கூடிய பகுதியின் எல்லை எல்லாத் திசையிலும் ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்றும் கணக்கிட்டுள்ளனர்.

அதற்கும் அப்பால்? 1917இல் ஐன்ஸ்டைன், வெளி எல்லையற்றதாயும் அதேவேளை அளவுடையதாயும் இருத்தல் கூடும் என்றார். பந்தின்மேல் ஊரும் எறும்பு எங்கும் விளிம்பைக் காணாது. ஆயினும் பந்தின் பரப்பு அளவுடையதே. பிளாங்க் விண்கலம் தந்த தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவுகள், வெளி பெரும்பாலும் வளைவற்றது என்பதோடு பொருந்துகின்றன. எனினும் வளைவின்மை ஒன்றைக் கொண்டே முடிவின்மையைத் துணிந்துவிட முடியாது. புலனாகும் பகுதிக்கு அப்பாலிருந்து ஒளி நம்மை வந்தடையவில்லை. ஆகவே பெரிதின் முடிவு பற்றிய வினா அறிவியலில் இன்றும் வினாவாகவே நிற்கிறது.

சிறிதின் திசையிலும் அவ்வாறே. ஒரு மீட்டரை ஆயிரம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு அணுவின் அளவு. அணுவின் கரு அதிலும் இலட்சத்தில் ஒரு பங்கு. இயற்பியலார் பிளாங்க் நீளம் என்று ஓர் அளவைக் குறிப்பர். மீட்டரில் எழுதினால் தசமப் புள்ளிக்குப்பின் 34 சுழிகள் இட்டு 16 எழுதவேண்டும். அதனினும் சிறிய இடத்தில் ‘நீளம்’ என்னும் கருத்து பொருளுடையதாமோ என்றே அவர்கள் ஐயுறுகின்றனர். வெளியும் மணிமணியான கூறுகளால் ஆயதா, தொடர்ச்சியானதா என்பது அவர்களிடையே நிகழும் வாதம்.

ஈண்டு ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையன்று. லோகவிபாகம் முதலிய நூல்களில் ஜம்புத்தீவு, மேரு, சூரிய சந்திரர் ஆகியவை பற்றிக் காணும் அளவுகள் இன்றைய அளவீடுகளோடு ஒத்துவருவதில்லை. பூமி உருண்டை வடிவினது என்பதில் ஐயமில்லை. இதனைக் குழந்தைகளிடம் மறைத்தால், பின்னாளில் அவர்கள் அளவுகளோடு அறத்தையும் சேர்த்து உதறிவிடுவர். தீவுகளின் அளவு வேறு. ஆகாயம் இடங்கொடுப்பது, உலகம் எல்லையுடையது, உயிர்கள் அனந்தம் என்னும் தத்துவம் வேறு. முன்னதை அக்காலத்து அறிவின் பயனாக மதித்து வாசிப்போம். பின்னதைச் சிந்தித்துத் தெளிவோம். நற்ஞானம் எந்த வினாவிற்கும் அஞ்சுவதன்று.

அறிவதனால் ஆவது என்ன?

வெளி முடிவற்றதாயின் என்ன, முடிவுடையதாயின் என்ன, நம் வாழ்விற்கு அதனால் ஆவது யாது என்று கேட்பார் உளர். நம் மரபு தத்துவத்தைத் தத்துவத்தோடு நிறுத்தியதில்லை. ஆகாயத்தை அனந்தம் என்று கூறிய அதே தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில் சிராவகனை நோக்கி, ‘நீ செல்லும் திசைகளுக்கு எல்லை வகுத்துக்கொள்’ என்னும் பொருள்பட விதிக்கிறது. அதுவே திக்விரதம். வெளிக்கு எல்லை இல்லை. ஆகவே எல்லையை நாமே வகுக்கவேண்டும். எல்லையை வெளி வகுத்துத் தருமென்று காத்திருப்பவன் எக்காலத்தும் நிற்கமாட்டான்.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தை அழகுற விளக்குகிறார். அதனைத் தழுவிய அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் வழங்குவது. பத்துத் திசைகளிலும் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை என யாவரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டு எல்லை குறித்து, வாழ்நாள் உள்ளளவும் அதற்கு அப்பால் செல்வதில்லை என்று உறுதி கொள்ளல் வேண்டும். மலை எல்லையாகும் என்றதால், தொப்பூர்க் கணவாய் போன்ற இடமே இவ்விரதத்திற்கு ஏற்ற அடையாளம் என்பது விளங்கும். சோழநாட்டுச் சமவெளியினின்று வருவோர்க்கு வடதிசை இங்கே மலையாய் எழுந்து நிற்கிறது.

இவ்வழியெல்லாம் ஒருகாலத்தில் அறவோர் நடந்த வழி. பண்டைத் தகடூரே இன்றைய தருமபுரி. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், வணிகர் குடியில் பிறந்த நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் அங்கு ஜினாலயம் எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. போளூரை அடுத்த திருமலையில் எழினி நிறுவிய இயக்க, இயக்கியர் திருவுருவங்களைத் தகடூர் அதியமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்த செய்தியையும் கல்வெட்டால் அறிகிறோம். அக்காலத்துச் சிராவகருள் பெரும்பகுதியினர் வணிகர். ஊர்விட்டு ஊர் செல்வதே பிழைப்பாகக் கொண்டவர்களை நோக்கியே ‘எல்லை வகுத்துக்கொள்’ என்று அறம் கூறியது. செல்ல இயலாதவனுக்கு இவ்விரதத்தால் பயனில்லை; செல்ல வல்லவனுக்கே இது விரதம்.

இவ்விரதத்தின் பயனாகச் சமந்தபத்திரர் கூறுவதே இக்கட்டுரையின் உயிர். எல்லைக்கு உள்ளே சிராவகன் அணுவிரதி. இல்லறத்தானுக்கு இயன்ற அளவே கொல்லாமை காக்கிறான். எல்லைக்கு வெளியேயோ அவனால் எவ்வுயிர்க்கும் எத்தீங்கும் நிகழ்வதில்லை. ஆகவே அங்கு அவனுடைய அணுவிரதமே மகாவிரதத்தின் நிலையை எய்துகிறது! வீட்டில் அடுப்பும் கடையில் தராசும் வைத்திருக்கும் ஒருவன், தான் வகுத்த கோட்டிற்கு அப்பால் முனிவரை ஒக்கிறான். எல்லைக்கு உட்பட்டது எவ்வளவு? ஒரு மாவட்டம், அல்லது ஒரு நாடு. எல்லைக்கு அப்பாற்பட்டது எவ்வளவு? அனந்த ஜீவன்கள் உறையும் உலகின் எஞ்சிய பகுதி முழுவதும். சிறு வட்டம் ஒன்றை வரைந்துகொண்டதனால் அத்தனை உயிர்க்கும் அவன் அபயம் அளித்தவனாகிறான். முடிவின்மையை அடைதற்குச் சிராவகனுக்கு உரிய வழி அதனை நோக்கி ஓடுவதன்று; நிற்பது.

இன்று இது இயலுமா? நம் பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் பணிபுரிகின்றனர். ஆண்டுதோறும் கடல் கடப்பவரிடம், ‘தொப்பூருக்கு அப்பால் செல்லாதே’ என்று கூறல் நகைப்பிற்கிடமாகும். ஆயினும் விரதத்தின் குற்றங்களாகிய அதிசாரங்களை நோக்கினால் அது இன்றைக்கென்றே வகுத்தது போலத் தோன்றும். திக்விரதத்திற்கு மேல் எல்லை கடத்தல், கீழ் எல்லை கடத்தல், பக்க எல்லை கடத்தல், ஒருபுறம் குறைத்து மறுபுறம் எல்லையைப் பெருக்குதல், வகுத்த எல்லையை மறந்துவிடுதல் என ஐந்து. குறுகிய காலத்திற்கு மேலும் குறுகிய எல்லை வகுக்கும் தேசவிரதத்திற்கு வேறு ஐந்து: எல்லைக்கு வெளியிலிருந்து பொருளை வரவழைத்தல், பிறரை வெளியே ஏவுதல், குரலால் அழைத்தல், தன் உருவைக் காட்டிக் காரியம் கொள்ளல், பொருளை வெளியே எறிதல்.

இவ்வைந்தனையும் மெல்லப் படித்துப் பாருங்கள். நாற்காலியை விட்டு எழாமலே கைப்பேசியால் உலகெங்கிலுமிருந்து பொருளை வரவழைக்கிறோம். நாம் காணாத ஊரில் நாம் அறியாத மனிதரை ஏவுகிறோம். குரலும் உருவும் கடல் கடக்கின்றன. நம் வீட்டுக் குப்பை நாம் ஒருநாளும் காணாத ஏரியில் போய் விழுகிறது. கால் எல்லைக்குள் நிற்க, கை எல்லை கடக்கிறது. எப்பொருள் எந்த உயிரின் துன்பத்தினால் உண்டாயிற்று என்பதை அறியாமலே அதனைப் பெறுகிறோம். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இவ்வழிகளைக் கண்டு, இவையும் எல்லை கடத்தலே என்றனர். ஆகவே இன்று எல்லையைக் கல்லும் மலையும் கொண்டு வகுக்க இயலாதார், பொருளைக் கொண்டேனும் வகுக்கலாம். இன்ன தொலைவிலிருந்து இன்னதை வரவழைப்பதில்லை. இத்தனைக்கு மேல் வாங்குவதில்லை. தசலட்சண பருவத்தின் பத்து நாளும் ஊர் எல்லை கடப்பதில்லை, வெளியிலிருந்து எதனையும் பெறுவதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் தன் ஆற்றலுக்கேற்ப ஒரு கோடு வரையலாம். சிறிதாயினும் அது கோடே.

முடிவில், முக்தி பெற்ற உயிரை நினைந்து பாருங்கள். வினைகள் யாவும் கழன்று இலகுவாகி மேனோக்கிச் சென்ற அவ்வுயிர், உலகின் உச்சியில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலும் அனந்த ஆகாயம் உண்டு; ஆயினும் அது செல்வதில்லை. அதனை எவரும் குறையென்று கூறுவதில்லை. ஏனெனில் சித்தருடைய அனந்தம் அவர் செல்லும் தொலைவில் இல்லை. அனந்த ஞானம், அனந்த தரிசனம், அனந்த சுகம், அனந்த வீரியம் என அவருள்ளேயே இருக்கிறது. உலகனைத்தும் அலகனைத்தும் அவர் அறிவில் அடங்கும்.

அன்றிரவு ஒரு மணி நேரம் கழித்து வண்டிகள் நகரத் தொடங்கின. எதிர்த்திசையில், காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் அந்த நெடுஞ்சாலையின் சரிவில், பாரம் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையை அழுத்தியவாறு இறங்கிக்கொண்டிருந்தன. அச்சரிவில் தடை தவறிய வண்டிகளால் நேர்ந்த விபத்துகள் பல என்பதை அவ்வழியே செல்வோர் அனைவரும் அறிவர். சாலை நீண்டு கிடக்கிறது என்பதற்காக ஓட்டுநர் எவரும் தடையைக் கழற்றி வைப்பதில்லை.

பேரன் மீண்டும் கேட்டால் இப்போது நான் கூறும் விடை இதுதான்: "கண்ணே, வெளிக்கு முடிவில்லை. அது எல்லோருக்கும் இடங்கொடுக்கிறது. ஒரு கடுகின் இடத்திலும் உலகையே வைக்கிறது. நீயும் அவ்வாறே பிறவுயிர்க்கு இடங்கொடு. எங்கே நிற்பது என்பதை வானம் உனக்குச் சொல்லாது. அதனை நீயேதான் முடிவு செய்யவேண்டும்."

எல்லா உயிர்க்கும் இடம் உண்டாகுக! அறம் வளர்க!